என் பெயரில் ஓடும் உங்கள் கோடு

அண்ணே,

இன்று காலை ஸ்கேன் சென்டரில் புது ஈசிஜி ரோல் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தேன். ரோல் கிடைக்கவில்லை. அடியில் கிடந்த அந்தத் தாள் கைக்கு வந்தது. நாலாக மடித்தது. மேலே என் பெயர், என் வயசு, எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கீழே ஓடுகிற கோடு மட்டும் என்னுடையது இல்லை.

பெயரைப் பேனாவால் எழுதியதால் அது அப்படியே இருக்கிறது. கோடுதான் மங்கிக்கொண்டு வருகிறது. இந்தத் தாளின் சுபாவம் அது; சூட்டில் பதிவாகும், சூட்டிலேயே அழியும். திண்டுக்கல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொரு கோடையை இது தாங்காது. அழிவதற்குள் உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பேஷன்ட் ஒருவர் வெளியே காத்திருக்கிறார், இருக்கட்டும்.

நீங்கள் வந்த நாளே சரியாக இல்லை அண்ணே. நாங்கள் திண்டுக்கல் ஸ்டேஷனில் மாலையோடு நின்றோம். நீங்களோ ரயிலில் தூங்கிப்போய் கொடைரோட்டில் இறங்கினீர்கள். மூன்று பைக்கில் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தோம். எங்கள் கிளப் செக்ரட்டரி ராசு அண்ணன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வியாபாரம் பார்க்கிறவர், கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க தொரை, இப்புடித் தூங்குனா எப்புடிங்க ஆடுறது?" என்று கேட்டார். ஒரு வார்த்தையும் புரியாமல் தலையை ஆட்டிச் சிரித்தீர்கள். ஸ்பெயின் நாட்டின் பெரிய ஃபுட்பால் கிளப்பில் நடுக்களம் ஆடியவர், எங்கள் ஊர்க் கோப்பைக்கு ஆட வந்திருக்கிறார் என்பதை நம்ப முடியாமல் நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

வெளியே போக ஸ்டேஷன் மேம்பாலப் படியேற வேண்டும். நீங்கள் நாலு படி ஏறினீர்கள், அப்புறம் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தீர்கள். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினீர்கள். அதற்கு செத்த நேரம் எடுத்துக்கொண்டீர்கள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பார்த்ததைப் பார்த்த மாதிரி எடுத்துக்கொள்ளாத புத்தி எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

முதல் நாள் பிராக்டிஸில் என் உதட்டைக் கிழித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் பின்களத்தில் ஸ்டாப்பர். எனக்கு முன்னால் நீங்கள். உயரமாக ஒரு பந்து வந்தது. நீங்கள் ஓடி வந்தபடி "போய்!" என்று கத்தினீர்கள். தொரை நம்மைப் போகச் சொல்கிறார், அதற்குள் தமிழ் கற்றுக்கொண்டார் என்று நான் முழு வேகத்தில் போனேன். உங்கள் தலையும் என் வாயும் மோதின. எனக்கு இரண்டு தையல். நீங்கள் மூலையில் உட்கார்ந்து, கையையும் இங்கிலீஷையும் கலந்து விளக்கினீர்கள். உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'நான் வருகிறேன், நீ விட்டுவிடு' என்று அர்த்தமாம். எழுதும்போது வேறு எழுத்தாம், சொல்லும்போது எங்கள் 'போய்'தான். தையல் போட்ட வாயோடு என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை.

அன்றிலிருந்து பழகிக்கொண்டேன். நீங்கள் "போய்" என்றால் நான் பந்தை விட்டுவிட வேண்டும். விட்டேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்தீர்கள். இரண்டே வாரத்தில் எங்கள் டீமே "போய், போய்" என்று கத்த ஆரம்பித்தது. எதிர் டீம்காரர்கள் எங்களைப் பார்த்து, "யாருலே போயிட்டா?" என்று கிண்டல் அடித்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

உங்களுக்கும் எங்கள் பேச்சு குழப்பம்தான். பந்து கேட்கிற எவனும் "அண்ணே, அண்ணே" என்றுதான் கத்துவான். 'அண்ணே' என்றால் பாஸ் கொடு என்று அர்த்தம் போல என்று நீங்கள் நினைத்துக்கொண்டு, உங்களைவிட இருபது வயசு சின்னவனைப் பார்த்து "அண்ணே" என்று கையை உயர்த்தினீர்கள். அவன் அப்படியே நின்றுவிட்டான். என்னை மட்டும் "அப்பு" என்று சரியாகக் கூப்பிட்டீர்கள். ஊரே கூப்பிடுகிற பெயர் அது.

அப்புறம் அந்த மாமா. தினமும் சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் உங்கள் போன் அடிக்கும். நீங்கள் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பேசுவீர்கள். பேச்சு முழுக்க "மாமா, மாமா" என்று வரும். முடிக்கும்போது எப்போதும் ஒரே மாதிரி, "யா போய், மாமா, யா போய்." உங்கள் தாய்மாமன் ரொம்பக் கண்டிப்பானவர் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மாமாவுக்குப் பெண் இருக்கிறதா, அதனால்தான் இப்படித் தினமும் கூப்பிடுகிறாரா என்று பையன்கள் உங்களைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் பன்னிரண்டாவது தாண்டி டிப்ளமோ படித்தவன், எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் காதுக்கு மாமா என்றால் மாமாதான்.

தாடிக்கொம்பு ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். உங்கள் ஊரும் எங்கள் ஊர் மாதிரி மேட்டு நிலம், மழைக்கு வானம் பார்க்கிற பூமி; எங்களுக்கு முருங்கை, உங்களுக்கு ஆலிவ் மரம். மீசை முளைக்கும் முன்பே பெரிய கிளப் உங்களைத் தன் விடுதிக்கு அழைத்துக்கொண்டது. அங்கே வளர்ந்து, ஒரு பருவத்தில் பாதி, பெரிய டீமுக்கே ஆடினீர்கள். பிறகு புதுக் கோச் வந்தார். அவருக்கு உங்கள் ஆட்டம் மெதுவாகப் பட்டது. உங்களை இன்னொரு கிளப்புக்கு இரவலாகக் கொடுத்தார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், பிறகு கிரீஸ், பிறகு பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாடு, கடைசியில் இந்தியா. கடற்கரை நகரத்து கிளப் ஒன்றில் ஒரு வருஷம் நன்றாகத்தான் ஆடினீர்கள். மறு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் மெடிக்கல் டெஸ்ட் எடுத்தார்கள், அத்தோடு அனுப்பிவிட்டார்கள். முட்டி போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். முட்டியைத் தட்டியும் காட்டினீர்கள். அந்த முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று உங்களோடு தினமும் ஓடுகிற எனக்குத் தெரியாதா?

உங்கள் போனில் ஒரே ஒரு வீடியோ வைத்திருந்தீர்கள். கோல் அடித்த வீடியோ என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். நீங்கள் ஒரு பாஸ் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். பந்து போகிற பக்கம் கேமரா திரும்பிவிடுகிறது, நீங்கள் படத்திலேயே இல்லை. கோல் விழுந்து மைதானமே எழுந்து நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் எங்கோ மாமா உட்கார்ந்திருந்தார் என்று விரலால் காட்டினீர்கள். நடுக்களக்காரன் பிழைப்பு அதுதான் என்று தோளைக் குலுக்கினீர்கள்.

வீட்டுக்குச் சாப்பிட வந்த முதல் நாள், கோழி வெஞ்சனம் வைத்துக் கொடுத்த என் மனைவி செல்வியைக் கும்பிட்டுவிட்டு, பையன்கள் சொல்லிக் கொடுத்த தமிழில், "போறேன்" என்றீர்கள். செல்விக்கு முகம் மாறிவிட்டது. "ஐயய்ய, அப்படிச் சொல்லக் கூடாதுண்ணே. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க. இல்லாட்டி வாரேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். நான் அதை உங்களுக்கு விளக்கப் பட்ட பாடு! கிளம்புகிறவன் ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் யாராவது கூப்பிட்டால், வருகிறேன் என்பதற்குப் போகிறேன் என்றுதான் சொல்வோம் என்றீர்கள். நாங்கள் போகும்போது வருகிறோம், நீங்கள் வரும்போது போகிறீர்கள். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருவரும் வாசலில் நின்று சிரித்தோம். ஆனால் தெரு முனையில் திரும்பும்போது கையைத் தூக்கி மறுபடி "போறேன்" என்றுதான் சொன்னீர்கள். செல்வி உள்ளே போய்த் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள். நான் அவளைக் கேலி செய்தேன்.

கோப்பை ஆட்டத்துக்கு எல்லோரும் மெடிக்கல் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது. நான் வேலை பார்க்கிற இடம்தானே என்று உங்களை ஒரு காலை நேரத்தில் அழைத்து வந்தேன். படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, வயரை மாட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். தாள் ஓடி வந்தது. நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் தாளைக் கிழித்திருப்பேன். நிமிர வேண்டிய இடத்தில் கோடு கவிழ்ந்து கிடந்தது. வயரைக் கழற்றி மாட்டி மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதேதான்.

நீங்கள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். தாளைப் பார்க்கக்கூட இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள், கடற்கரை நகரத்தில் எடுத்தது. அதே கவிழ்ந்த கோடு. இந்த ஒரு கோப்பை, பிறகு ஊருக்குப் போய்விடுவேன் என்றீர்கள். வாழ்க்கை முழுக்க அடுத்தவன்தான் என்னை நிறுத்தியிருக்கிறான், கோச் நிறுத்தினான், ஒரு பேப்பர் நிறுத்தியது, இந்த ஒரு முறை நானே நிறுத்திக்கொள்கிறேன் என்றீர்கள். மதியம் டாக்டர் வந்து பார்ப்பார், நான் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள்.

"அப்பு, மாமாட்ட சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்து நான் செய்ததை உங்களுக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய் அண்ணே. எங்கள் கிளப் அந்தக் கோப்பையை ஒரு தரம்கூடத் தூக்கியதில்லை. நீங்கள் நடுவில் நின்றால் தூக்கலாம். உங்கள் பின்னால் நின்று ஒரு ஃபைனல் ஆட வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு நானே படுத்து, என் நெஞ்சில் வயரை மாட்டி, என் கோட்டை எடுத்து உங்கள் பெயரை எழுதினேன். டாக்டர் பார்த்தார், நார்மல் என்று கையெழுத்துப் போட்டார். மெஷினில் இரண்டு பேருக்கு எடுத்ததாகக் கணக்கு இருந்ததால் உங்கள் தாளில் என் பெயரை எழுதி, எனக்கும் எடுத்துப் பார்த்ததாகச் சொல்லி இழுப்பறையில் போட்டேன். அரை மணி நேர வேலை. எத்தனை சுலபமாக முடிந்தது தெரியுமா?

அதற்குப் பிறகு நான் ஆடவே இல்லை, உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் லேஸ் கட்டக் குனிந்தால் என் ஓட்டம் நின்றுவிடும். நிமிர்ந்ததும் மூச்சு வரும். கால் இறுதியில் ஒரு தரம் குனிந்தீர்கள். அரை இறுதியில் மூன்று தரம். ஒவ்வொரு நாளும் ராசு அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன், அவர் தக்காளி லாரியில் ஏறி நின்று கோப்பை வந்ததும் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார். நானும் தெருப் பெயர் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். உங்கள் மாமாவுக்காவது போன் பண்ணலாமா என்று யோசித்தேன். எந்த மொழியில் பேசுவது? வாக்கு வேறு கொடுத்திருக்கிறேனே என்று அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

ஃபைனல் அன்று சாயங்காலம் மலைக்கோட்டைப் பக்கமிருந்து காற்று புழுதியை வாரி அடித்தது. ஒன்றுக்கு ஒன்று சமம். இரண்டாவது பாதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. நான் தாராளமாக எடுத்திருக்கலாம், கையெட்டும் தூரம்தான். உதவிக்கு எனக்குப் பின்னால் இறங்கியிருந்த உங்கள் குரல் கேட்டது, "போய்!"

நான் விட்டுவிட்டேன்.

பந்து தரையில் விழுந்து எழும்பி என்னைத் தாண்டிப் போனது. யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஒரு முட்டியை ஊன்றிக் குனிந்திருந்தீர்கள், கை இரண்டும் ஷூ மேலே. லேஸ் கட்டுகிறார், இதோ நிமிர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எதிர் டீம்காரன் பந்தை எடுத்துப் போய் கோல் போட்டு, கூட்டம் கத்துகிற வரைக்கும் நான் அப்படித்தான் நின்றேன். அதற்குள் நீங்கள் முகம் குப்புற மண்ணில் கிடந்தீர்கள்.

ராசு அண்ணனின் காய்கறி வேனில்தான் தூக்கிப் போட்டோம். வழியெல்லாம் உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் வயரை மாட்டினார்கள். அந்தத் தாளை யாரும் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை.

வெளியே மரத்தடியில் டீம் மொத்தமும் புழுதியோடு உட்கார்ந்திருந்தது. உங்கள் பை என் மடியில். உள்ளே போன் அடித்தது. தினமும் அடிக்கிற அதே நேரம். எங்கள் கோல்கீப்பர் பையைத் திறந்து எடுத்து, எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "அண்ணே, மாமா கூப்பிடுறாரு" என்று என்னிடம் நீட்டினான். நீதான் பேச வேண்டும் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாங்கினேன்.

பொம்பளைக் குரல் அண்ணே. வயசான குரல். எடுத்ததும் மூச்சு விடாமல் ஏதோ கேட்டது. அந்தக் குரலில் இருந்த அதட்டல் எந்த மாமனுக்கும் வராது. என் அம்மா என்னிடம் சாப்பிட்டியா, ஏன் இம்புட்டு நேரம் என்று கேட்கிற அதே தொனி. உங்களைப் பெற்றவள் அது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. உங்கள் பாஷையில் அம்மாவைத்தான் மாமா என்பீர்கள்; மாமா என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சொல்லித்தானே ஆக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது என்பதெல்லாம் அப்போது எனக்கு ஓடவில்லை. போயிட்டாரும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "போய்" என்று கம்மலாக வந்தது, மீதிச் சொல் வரவில்லை.

அந்தப் பக்கம் உங்கள் அம்மா சிரித்தார். திட்டுகிற மாதிரி செல்லமாக ஏதோ சொன்னார். போனிலேயே சத்தமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்.

கோப்பைக்குப் பிறகு ஊருக்கு வருவதாகத் தினமும் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கம்மிய தொண்டையோடு அன்றைக்கும் நீங்கள்தான் 'வருகிறேன்' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். பழைய கிளப்பின் ஏஜென்ட்டைப் பிடித்து, அவர் வழியாக உங்கள் வீட்டுக்குச் சேதி போய்ச் சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? உங்கள் அறையைக் கூட்டியிருப்பாரா? உங்களுக்குப் பிடித்ததைச் சமைக்கச் சாமான் எழுதியிருப்பாரா? சேதி போன பிறகு, நேரத்தைக் கணக்குப் பார்த்து, அப்படியானால் போனில் பேசியது யார் என்று யோசித்திருப்பாரா? எனக்கு இது மட்டும் தெரிய வேண்டாம்.

இன்றைக்கும் எங்கள் மைதானத்தில் "போய்" என்றுதான் கத்துகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கேட்பதும் இல்லை. நான் ஆடுவதை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் போகும்போது அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. செல்வி ஒரு நாள், அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். வாரேன்னு சொன்னார் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

டாக்டரிடம் சொல்லவில்லை. ராசு அண்ணனிடம் சொல்லவில்லை. தாள் மங்கிக்கொண்டே வருகிறது. முழுசாக அழிந்த பிறகு வெறும் என் பெயர்தான் மிஞ்சும். என்னைத் திட்டுவதற்காவது நீங்கள் இருந்திருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லவும் நாக்கு கூசுகிறது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் அண்ணே. உங்கள் மாமாவிடம் நான் சொல்லவே இல்லை.

அப்பு